வளைவில் பைக்கைச் சாய்ப்பதும் டயரின் பிடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைவில் பைக் ஓட்டுவது பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வருகிற கேள்வி, "எத்தனை டிகிரி வரைக்கும் சாய்க்கலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமான கேள்விகள் நாலைந்து இருக்கின்றன, ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது சரியில்லை. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே சொல்வதெல்லாம் பொதுச் சாலையில், கடையில் வாங்கிய சாதாரண டயரில் ஓட்டுகிறவர்களுக்கு. ரேஸ் டிராக் பற்றி வரும் இடங்களில் அப்படியென்று சொல்லிவிடுகிறேன்.

பைக் ஏன் சாய வேண்டும்? நிமிர்ந்தபடியே திரும்பினால் என்ன?

விழுந்துவிடும், அதுவும் வளைவுக்கு வெளிப்பக்கமாக. திரும்பும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பைக்கை உள்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் நடப்பது தரைமட்டத்தில், பைக்கும் நீங்களும் சேர்ந்த எடையின் மையம் இருப்பதோ அதற்கு அரை மீட்டருக்கும் மேலே. அடியை மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் மேலே இருப்பது மறுபக்கம் சரியும் இல்லையா, அதைச் சமன் செய்யத்தான் எடை மையத்தை முன்கூட்டியே உள்பக்கம் கொண்டுவருகிறோம். நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் குறிப்பிட்ட வேகத்தில் குறிப்பிட்ட வளைவை எடுக்க இவ்வளவு சாய்வு வேண்டும் என்று ஒன்று உண்டு. அது இல்லையென்றால் அந்த வளைவு உங்களுக்குக் கிடைக்காது, பைக் அகலமாக வெளியே போகும்.

பைக் டயரின் குறுக்குவெட்டு வட்டமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். சாய்ந்த டயர் உருளும்போதே சாய்ந்த பக்கமாகத் தள்ளும் ஒரு விசை தானாக உண்டாகிறது. பைக் திரும்புவதில் பெரும்பங்கு அந்த விசையுடையது. காரைப் போல சக்கரத்தை நிறையத் திருப்பித் திரும்புவதெல்லாம் மிக மெதுவான வேகத்தில் மட்டும்தான்.

எந்த வேகத்துக்கு எவ்வளவு சாய்வு? இதற்குக் கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது, சுலபமான கணக்கு. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு கிடைக்கும். ஃபார்முலாவை மறந்துவிடுங்கள், எண்களைப் பாருங்கள். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. அதை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் எடுத்தால், நிமிர்ந்த நிலையிலிருந்து 14 டிகிரி சாய்வு போதும். 60-இல் எடுத்தால் கிட்டத்தட்ட 30 டிகிரி. 70-இல் 38 டிகிரி, 80-இல் 45 டிகிரி.

இதில் கவனிக்க வேண்டியது வேகம் வர்க்கமாக வருவதை. 40-இலிருந்து 80-க்குப் போனால் வேகம் இரண்டு மடங்குதான், டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை நான்கு மடங்கு. வழக்கமாக எடுக்கிற வளைவில் "பத்து கிலோமீட்டர்தானே கூட" என்று நினைத்து நுழைகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 60-க்கும் 70-க்கும் இடையில் அந்த விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

45 டிகிரியில், பைக்கும் நீங்களும் சேர்ந்த எடை எவ்வளவோ அதே அளவு விசையை டயர் பக்கவாட்டிலும் தர வேண்டும். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. அந்தச் சாய்வில் பைக்கின் நெட்டுவாக்கில் சஸ்பென்ஷனை அழுத்தும் பாரம் நிமிர்ந்து நிற்கும்போது இருப்பதைப்போல் சுமார் 1.4 மடங்கு. நன்றாகச் சாய்ந்து வளையும்போது பைக் தரையோடு படிந்து உட்காருவதுபோலத் தெரிவது பிரமை இல்லை, நிஜமாகவே உட்காருகிறது.

கனமான பைக், பின்னால் ஆள் இருந்தால் இன்னும் சாய்க்க வேண்டுமா?

கணக்குப்படி வேண்டாம். எடை கூடினால் தேவைப்படும் விசை கூடும், டயரைத் தரையில் அழுத்தும் பாரமும் அதே விகிதத்தில் கூடும். ஆனால் பின்னால் ஆள் உட்கார்ந்ததும் பின் சஸ்பென்ஷன் இறங்கிவிடும், தரைக்கும் ஃபுட்பெக்குக்கும் (கால் வைக்கும் கம்பி) இடைவெளி குறையும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஹேண்டில் மந்தமாகும். ப்ரீலோடை, அதாவது பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தைக் கூட்டி, டயர் காற்றையும் இரண்டு பேருக்கு உள்ள அளவுக்கு ஏற்றுங்கள். பின்னால் இருப்பவரிடம் ஒன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் நிமிராதீர்கள், என் உள்பக்கத் தோளுக்கு மேலே பாருங்கள்.

டயர் எவ்வளவு சாய்வு வரை தாங்கும்?

டயருக்குக் கோணம் தெரியாது. அதற்குத் தெரிவது விசை மட்டும்தான். நல்ல, சூடான சாலை டயர் காய்ந்த தாரில் கொடுக்கும் உராய்வுக் குணகம் (டயர் தன்மேல் இருக்கும் பாரத்தைப்போல் எத்தனை மடங்கு பக்கவாட்டு விசை தர முடியும் என்ற எண்) தோராயமாக 0.8-இலிருந்து 1 வரை, சில சமயம் அதற்கும் கொஞ்சம் மேலே. கோணமாக மாற்றினால் 39-இலிருந்து 45 டிகிரி. ஈரச் சாலையில் 0.5, 0.6 என்று இறங்கும், அதாவது 27-இலிருந்து 31 டிகிரி. மணல் சிதறிய இடத்திலோ ஈரமான இரும்பு மூடியின் மீதோ இந்த எண்களையெல்லாம் நம்ப வேண்டாம்.

இந்த எண்கள் உச்சவரம்பு என்பதை மறக்கக்கூடாது. அந்த உச்சியில் டயர் இருக்கும்போது பிரேக்குக்கு மிச்சம் கிடையாது, ஆக்ஸிலரேட்டருக்கு மிச்சம் கிடையாது, ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கக்கூட மிச்சம் கிடையாது. அதனால் பொதுச் சாலையில் காய்ந்த தாரில் 30 டிகிரி என்பது என் கணக்கில் தாராளமான எல்லை. அதுவே பெரும்பாலானவர்கள் இதுவரை சாய்த்ததைவிட அதிகமாகத்தான் இருக்கும். 30 டிகிரி சாய்ந்த பைக்கில் உட்கார்ந்திருந்தால் உடம்பு அதை 45 என்று சொல்லும், பயம் அப்படி.

ரேஸில் 60 டிகிரிக்கு மேல் சாய்க்கிறார்களே?

ஆமாம், மோட்டோஜிபி என்ற உலக பைக் ரேஸ் தொடரில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 60 டிகிரிக்கு டயர் தன்மேல் இருக்கும் பாரத்தைப்போல் 1.7 மடங்கு பக்கவாட்டு விசை தர வேண்டும். பள்ளிப் பாடத்தில் படித்த உராய்வு விதியோடு இது ஒத்துப்போகாது, ஏனென்றால் ரப்பர் அந்த விதிக்கு அடங்கிய பொருள் இல்லை. மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் புகுந்துகொள்கிறது, மேற்பரப்போடு ஒட்டவும் செய்கிறது. அந்த டயர்களை ஓடுவதற்கு முன்பே போர்வை போர்த்திச் சூடாக்கி வைக்கிறார்கள். கலவை மிக மென்மை, ஒரு ரேஸோடு ஆயுள் முடிந்துவிடும். தளம் சுத்தமாக, ஒரே சீராக இருக்கும், எதிரே வண்டி வராது. அவர்கள் செய்வதைப் பார்த்து நம் டயரின் எல்லையைக் கணிப்பது அர்த்தமில்லாத வேலை.

வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். "சாய்ந்திருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது" என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பாதுகாப்பான பாடமாகத் தெரிந்தாலும், அவசரத்தில் அவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு தடுப்புச்சுவரில் போய் மோதவைக்கும் பாடம் அது. எவ்வளவு பிடிக்கலாம், எப்படிப் பிடிக்கலாம் என்பதுதான் விஷயம்.

டயரின் பிடிப்பு ஒரே கையிருப்பு. வளைவுக்கும் பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் பங்கு பிரிவது நேர்க்கோட்டுக் கணக்கில் இல்லை, இரண்டு விசையும் செங்குத்தான திசையில் இருப்பதால் வர்க்கக் கணக்கில் பிரியும். வளைவுக்குப் பிடிப்பில் பாதியைச் செலவழித்துக்கொண்டிருந்தால் பிரேக்குக்கு 50 சதவீதம் அல்ல, 87 சதவீதம் வரை மிச்சமிருக்கும். வளைவுக்கு 80 சதவீதம் போனாலும் பிரேக்குக்கு 60 சதவீதம் இருக்கிறது. ஆனால் வளைவே 95 சதவீதத்தைத் தின்றுவிட்டால் மிச்சம் 31 தான். அதாவது நடுத்தரச் சாய்வில் நினைப்பதைவிட நிறைய பிரேக் கிடைக்கும், உச்சிக்குப் பக்கத்தில் அது சட்டென்று வற்றிப்போகும். இதெல்லாம் தாள் மேல் போட்ட கணக்கு, நிஜச் சாலையில் இதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பிடிப்பது என்றால், மெல்ல அழுத்தத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி. முன் பிரேக்கை அழுத்தியதும் எடை முன்பக்கம் நகர்ந்து முன் டயர் தரையில் அமுங்குகிறது, அமுங்க அமுங்க அதன் பிடிப்பு கூடுகிறது. இது நடப்பதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் கொடுக்காமல் லீவரை வெடுக்கென்று பிடுங்கினால், பாரம் வந்து சேருமுன்பே பிரேக் விசை வந்துவிடும், முன்சக்கரம் நழுவும். ஒரே அளவு பிரேக்தான், அரை நொடியில் வந்ததா உடனே வந்ததா என்பதில் தப்பிப்பதும் விழுவதும் இருக்கிறது.

இன்னொன்றும் எதிர்பார்த்திருங்கள். சாய்ந்த நிலையில் முன் பிரேக் பிடித்தால் பைக் நிமிரப் பார்க்கும். சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து உள்பக்கம் தள்ளிப்போயிருக்கும், பிரேக் விசை அங்கே வேலை செய்வதால் ஹேண்டில் உள்பக்கம் திரும்பும், பைக் எழுந்து வெளியே போகும். உள்பக்கக் கைப்பிடியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும்.

வலது பக்கம் திரும்ப ஹேண்டிலை இடது பக்கம் திருப்ப வேண்டும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். நீங்களும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், தெரியாமல். மெல்லிய நடை வேகத்தைத் தாண்டிவிட்டால் இதுதான் பைக்கைச் சாய்க்கும் வழி. வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ளினால் முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் பார்க்கும், டயர்கள் உங்கள் எடைக்கு அடியிலிருந்து இடப்பக்கம் நகரும், பைக் வலப்பக்கம் சாயும். விமானத்துக்கு முன்னால் சைக்கிள் செய்து விற்றுக்கொண்டிருந்த வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதைச் செய்துகொண்டே செய்கிறோம் என்பதை அறியாமல் இருக்கிறார்கள் என்று அப்போதே கவனித்திருக்கிறார்.

உடம்பைச் சாய்த்தாலே பைக் திரும்பிவிடும் என்று வாதாடுகிறவர்களுக்காக, பைக் பயிற்சியாளர் கீத் கோட் ஒரு பைக்கில் வழக்கமான ஹேண்டிலோடு சேர்த்து, திரும்பவே திரும்பாத இன்னொரு ஜோடிக் கைப்பிடியைச் சட்டகத்தில் பொருத்திவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எப்படி வளைத்து நெளித்தாலும் பைக் லேசாகத் தள்ளாடி ஒரு பக்கம் ஒதுங்குமே தவிர, உறுதியாக ஒரு வளைவை எடுக்காது.

தெரியாமல் செய்வதைத் தெரிந்து செய்வதில் என்ன லாபம்? அவசரத்தில்தான் லாபம். வளைவு எதிர்பாராமல் இறுகும்போது கையில் எதைச் செய்தால் இன்னும் சாயும் என்று தெரிந்தவர் தள்ளுவார், தெரியாதவர் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொள்வார்.

வேகமாக நுழைந்துவிட்டேன், வளைவுக்குள் போனதும் தெரிகிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் வழக்கமாக என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வளைவின் நடுவில், அது நினைத்ததைவிட இறுக்கம் என்று தெரிகிறது. கண் உடனே எங்கே போகக்கூடாதோ அங்கே போகிறது: சாலையின் வெளி ஓரம், தடுப்புக்கம்பி, எதிரே வரும் லாரி. முழங்கை விறைக்கிறது. விறைத்த கை, தள்ள வேண்டிய கைப்பிடியைத் தள்ள விடாமல் பிடித்துக்கொள்கிறது. வலது கை ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடி, அதே அசைவில் முன் பிரேக்கையும் பிடுங்குகிறது. பைக் நிமிர்கிறது. நிமிர்ந்த பைக் நேராகப் போகிறது, கண் எங்கே இருந்ததோ அங்கேயே. இவ்வளவும் ஒன்றரை நொடிக்குள்.

இதில் டயர் எந்த இடத்திலும் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். முந்தைய எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் வளைவில் 60-இல் போகும்போது 30 டிகிரி சாய்வு, காய்ந்த சாலையில் பிடிப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் செலவு. இன்னும் 8 டிகிரி சாய்த்திருந்தால் 70-இலேயே அந்த வளைவை எடுத்திருக்கலாம். பிடிப்பு இருந்தது, கேட்க ஆளில்லை. 1981-இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் வெளிவந்த பைக் விபத்து ஆய்வும், வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் பிழையே தூண்டுதல் என்று சொன்னது. அந்தப் பிழையில் பொதுவாக வருவன இரண்டு: அளவுக்கு மீறி பிரேக் பிடித்து வழுக்குவது, வேகம் அதிகமாகியோ போதுமான அளவு வளைக்காமலோ அகலமாக வெளியே போவது.

ஆகவே, பார்வையை வலுக்கட்டாயமாகப் பிடுங்கி வளைவின் முடிவுக்குக் கொண்டுபோங்கள், தலையே திரும்ப வேண்டும், கண் மட்டும் அல்ல. உள்பக்கக் கைப்பிடியைத் தள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரைப் படீரென்று மூடாமல் மெல்லக் குறையுங்கள். இடம் இருந்தால் இரண்டு பிரேக்கையும் மென்மையாக, கூட்டிக்கூட்டி. முன்னால் நீளமான காலி இடம் இருந்தால் பைக்கை முழுதாக நிமிர்த்தி, நேராக நன்றாகப் பிரேக் அடித்துவிட்டு மீண்டும் சாய்ப்பது இன்னொரு வழி, ஆனால் எதிர்த்தடத்தில் வண்டி வருகிற குறுகிய சாலையில் அதற்கு இடம் கிடைப்பது அபூர்வம். கடைசிவரை சாய்த்துப் பார்த்து, அதில் வழுக்கி விழுந்தாலும், நிமிர்ந்து போய் எதையாவது நேருக்குநேர் மோதுவதைவிட அது பெரும்பாலும் மேல்.

சரி, எந்த வேகத்தில் நுழைவது என்று முன்கூட்டி எப்படித் தெரியும்?

சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வதுபோலத் தெரியும் புள்ளியைப் பாருங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அது விலகிப் போய்க்கொண்டே இருந்தால் வளைவு திறக்கிறது. அசையாமல் நின்றால் வளைவு இறுகுகிறது, நீங்கள் அதை நோக்கி வேகமாகப் போகிறீர்கள், இப்போதே குறையுங்கள். தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் சரியான வேகம். 60-இல் போகும்போது, சுதாரிக்க ஒரு நொடி, அப்புறம் நல்ல பிரேக், எல்லாம் சேர்த்து காய்ந்த சாலையில் 36 மீட்டர் அளவுக்கு வேண்டும். 80-இல் 57 மீட்டர். வளைவுக்குள் பிரேக் தூரம் இதைவிட நீளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கமாகவே கொஞ்சம் காத்திருந்து, வளைவின் முடிவு தெரிந்த பிறகு உள்ளே திரும்புவது இறுகும் வளைவுகளில் உயிர்காக்கும் பழக்கம். சீக்கிரம் உள்ளே வெட்டினால் வெளியே வரும்போது எதிர்த்தடத்தில் இருப்பீர்கள்.

வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை என்ன செய்வது?

சாய்ந்து நிலைத்ததும் மிக லேசாகத் திறந்து, அப்படியே மெல்லக் கூட்டிக்கொண்டு போங்கள். முன் டயரைவிடப் பின் டயர் அகலம், அதற்கேற்ப எடையும் கொஞ்சம் பின்னால் இருந்தால் இரண்டும் தங்கள் பங்கைச் சரியாகச் சுமக்கும். சஸ்பென்ஷனும் நடு உயரத்தில் நின்று வேலை செய்யும். எஞ்சினை இழுவையில் வைத்திருக்கும் கியரில் நுழையுங்கள், வளைவுக்குள் கியர் மாற்றும் வேலை வேண்டாம். கியரைக் குறைத்துவிட்டு க்ளட்சைத் தட்டென்று விட்டால் பின்சக்கரம் பிரேக் அடித்ததுபோல இழுபடும், ஈரத்தில் அது போதும் விழ.

உடம்பை வெளியே தொங்கவிட வேண்டுமா? முழங்கால் தரையில் உரச வேண்டுமா?

உடம்பு உள்பக்கம் போனால் மொத்த எடை மையம் உள்ளே போகும், அதே வேகத்துக்குப் பைக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும். கணக்கில் வரும் சாய்வு மொத்த எடை மையத்துக்கானது, பைக்குக்கு மட்டுமானது அல்ல. 1970-களின் தொடக்கத்தில் யார்னோ சாரினென் இப்படித் தொங்கி ஓட்டினார், பிறகு கென்னி ராபர்ட்ஸ் முழங்காலைத் தரையில் தேய்த்து ஓட்டும் பாணியைப் பரவலாக்கினார். ராபர்ட்ஸ் 1978-இல் 500 சிசி உலகப் பட்டம் வென்ற பிறகு எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள்.

சாலையில் அவ்வளவு வேண்டாம். மேலுடம்பை உள்பக்கம் கொண்டுவந்து, முகவாய் உள்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி வைத்தாலே ஓரிரு டிகிரி மிச்சம். முழங்கால்களால் டேங்கைக் கவ்விக்கொண்டு கைகளைத் தளர்வாக விடுங்கள். பைக் கீழே சாயும்போது உடம்பை நிமிர்த்தி எதிர்ப்பக்கம் ஒதுங்குவது தலைகீழ்ப் பழக்கம், அதனால் பைக் தேவைக்கு மேல் சாயும். விதிவிலக்கு: நடை வேகத்தில் வட்டமடித்துத் திரும்புவது. அங்கே வெளிப்பக்கம் உட்காருவதுதான் சரி.

என் டயர் ஓரத்தில் தேயாத பட்டை அகலமாக இருக்கிறது, நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போங்கள். அந்தப் பட்டையின் அகலம் டயரின் வடிவத்தையும், ரிம்மின் அகலத்தையும், நீங்கள் உடம்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. உடம்பைச் சரியாக உள்ளே வைத்து ஓட்டுகிறவருக்கு அதே வேகத்தில் பட்டை அதிகமாகவே மிஞ்சும்.

ஃபுட்பெக் தரையில் உரசியது. டயரின் எல்லை வந்துவிட்டதா?

இல்லை, உங்கள் பைக்கின் எல்லை வந்துவிட்டது. தாழ்வான, நீளமான குரூசர் பைக்குகளில் பல 30 டிகிரி அளவிலேயே உரசும், சாதாரண பைக்குகள் 40-ஐத் தாண்டும், ஸ்போர்ட்ஸ் பைக்குகள் 50 வரை போகும். மடங்கும் ஃபுட்பெக் உரசினால் அது எச்சரிக்கை. அதற்கு மேலும் சாய்த்து சைலன்சரோ சென்டர் ஸ்டாண்டோ தரையில் ஊன்றினால் மடங்காத உலோகம் சக்கரத்தையே தரையிலிருந்து தூக்கிவிடும், எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு கிடையாது. உரசும் சத்தம் கேட்டால் பதறி நிமிர்த்தாமல் உடம்பை இன்னும் உள்ளே கொண்டுபோங்கள்.

அகலமான டயர் மாட்டினால் பிடிப்பு கூடுமா?

பெரும்பாலும் தோற்றம்தான் கூடும். அகலமான டயர் சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து இன்னும் தூரம் நகர்கிறது, அதனால் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்கச் சில டிகிரி அதிகம் சாய்க்க வேண்டியிருக்கும். ரிம்முக்கு மீறிய அகலம் என்றால் டயர் கூம்பிக்கொண்டு வடிவமே மாறிவிடும். கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல கலவை உள்ள டயரை வாங்குங்கள். நடுவில் கடினமாகவும் ஓரங்களில் மென்மையாகவும் இரட்டைக் கலவையில் வரும் டயர்கள் உண்மையிலேயே பயன்படுகின்றன.

காற்று அழுத்தத்தைக் குறைத்தால் கிரிப் கூடும் என்கிறார்களே?

டிராக்கில் கேட்டதைச் சாலைக்குக் கொண்டுவருகிறார்கள். குறைந்த காற்றில் டயர் நெளியும், திரும்பும்போது மந்தமாகும், சூடு ஏறிப் பக்கச்சுவர் பாழாகும். அதிகக் காற்றில் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், மேடுபள்ளத்தில் துள்ளும். கையேட்டில் உள்ள அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ மாறும், அதனால் ஓட்டிவிட்டு வந்து அளந்து, கூடுதலாகத் தெரிகிறதே என்று காற்றை இறக்காதீர்கள்.

அளக்கும்போதே டயரின் மேல் உள்ளங்கையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல நகர்த்திப் பாருங்கள். நேர்ச்சாலையிலேயே ஓடிய டயராக இருந்தால் நடுவில் தட்டையாக, அப்புறம் ஒரு விளிம்பு தட்டுப்பட்டு, அதன் பிறகு சரிவாக இறங்கும். அந்த விளிம்பின் மேல் ஏறி இறங்கும்போதுதான் பைக் சாய மறுத்து, பிறகு பொத்தென்று விழுவதுபோலச் சாய்கிறது. பலர் இதைப் பைக்கின் குணம் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வயதாகிக் கெட்டிப்படும், ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறையாவது கடையில் காட்டிப் பரிசோதியுங்கள்.

புது டயர் வழுக்குமா?

வழுக்கும். மேற்பரப்பு பளபளவென்று இருக்கும். முதல் 150 கி.மீ. அளவுக்கு நிதானமாக ஓட்டி, சாய்வை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அதேபோலக் காலையில் கிளம்பியதும் டயர் குளிர்ந்திருக்கும், முதல் சில கிலோமீட்டரில் வளைவுகளில் அவசரம் வேண்டாம். பாம்புபோல வளைந்து வளைந்து ஓட்டுவதால் டயர் பெரிதாகச் சூடாகாது. நேராகப் போகும்போது பிரேக்கும் ஆக்ஸிலரேட்டருமாக மாறி மாறிக் கொடுத்தால்தான் சூடாகும்.

மழையில்?

சாய்வைக் குறையுங்கள், அதற்கு ஒரே வழி வேகத்தைக் குறைப்பது. எல்லாமே மென்மையாக. நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் மோசம், சாலையில் ஊறிய எண்ணெயும் தூசியும் மேலே வந்துவிடும். வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, விரிசலில் ஊற்றிய தார்ப்பட்டை, பாலத்தின் இரும்பு இணைப்பு இவற்றை நிமிர்ந்த நிலையில் கடக்கப் பாருங்கள். வேறு வழியில்லை, சாய்ந்தபடிதான் கடக்க வேண்டும் என்றால் அந்த ஒரு மீட்டருக்கு எதையும் மாற்றாதீர்கள்: பிரேக், ஆக்ஸிலரேட்டர், ஹேண்டில் எதுவும் வேண்டாம். டயர் லேசாக நழுவும், தாண்டியதும் பிடித்துக்கொள்ளும். மணலுக்கும் இதேதான். ஆனால் டீசல் சிந்திய வளைவில் இதெல்லாம் எடுபடாது, அதை மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாசனை வந்ததும் வேகத்தைக் குறையுங்கள்.

வழுக்கப் போகிறது என்று முன்கூட்டித் தெரியுமா?

நல்ல டயர், சீரான தளம் என்றால் தெரியும். பின் டயர் லேசாக நெளிவது இருக்கையில் உணரப்படும், முன் டயர் இளகுவது ஹேண்டிலில். கைகள் விறைத்திருந்தால் இந்தச் செய்தி எதுவும் வந்து சேராது. குளிர்ந்த டயர், பெயின்ட், மணல் இவற்றில் எச்சரிக்கையே இருக்காது.

பின்சக்கரம் நழுவினால் பயத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மூடாதீர்கள். நழுவிக்கொண்டிருந்த டயர், பைக் கோணலாக இருக்கும்போதே சட்டென்று பிடித்துக்கொண்டால் பைக் வெடுக்கென்று மறுபக்கம் நிமிர்ந்து ஓட்டுகிறவரை மேலே தூக்கி எறியும். சாதாரணமாக உள்பக்கமாகச் சரிந்து சறுக்கிக்கொண்டு போவதைவிட இது பல மடங்கு மோசமான விழுகை.

ஏபிஎஸ் இருந்தால் வளைவில் பயமில்லையா?

சாதாரண ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், நீங்கள் எவ்வளவு சாய்ந்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. சாய்வில் சக்கரம் பூட்டும் நிலைக்கு வருமுன்பே பக்கவாட்டில் நழுவிவிடலாம். சாய்வை அளந்து அதற்கேற்ப பிரேக் அழுத்தத்தை அடக்கும் கார்னரிங் ஏபிஎஸ் வேறு. பாஷ் நிறுவனத்தின் அந்த அமைப்பு 2013-இல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் முதலில் வந்தது. இறுதி நொடியில் லீவரைப் பிடுங்குகிற கையிலிருந்து அது காப்பாற்றும், நல்ல விஷயம். ஆனால் பிடிப்பை அதிகப்படுத்தாது, இருப்பதைப் பங்கிட்டுத் தருவது மட்டும்தான் அதன் வேலை.

தனியாகப் பழகுவது எப்படி?

வண்டிகள் வராத, சுத்தமான பெரிய தளம் வேண்டும். 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் குறித்துக்கொண்டு சுற்றுங்கள். மணிக்கு 25 கி.மீ. வேகத்திலேயே 26 டிகிரி சாய்வு வந்துவிடும், அதாவது நெடுஞ்சாலை வளைவில் கிடைக்கும் சாய்வைச் சைக்கிள் வேகத்திலேயே பழகிக்கொள்ளலாம். பார்வை எப்போதும் வட்டத்தின் எதிர்ப்புறத்தில் இருக்கட்டும். இரண்டு திசையிலும் சுற்றுங்கள், எல்லோருக்கும் ஒரு பக்கம் வராது, பலருக்கு அது ஆக்ஸிலரேட்டர் கை இருக்கும் வலது பக்கம். அது பழகியதும் சுற்றும்போதே பின் பிரேக்கை லேசாக, பிறகு முன் பிரேக்கை இரண்டு விரலால் மிக லேசாகத் தொட்டு, பைக் எழும்புவதையும் கைப்பிடியைத் தள்ளினால் அடங்குவதையும் உணருங்கள். ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

முன் டயர் ஒரு கம்பெனி, பின் டயர் வேறு கம்பெனி, பரவாயில்லையா?

ஓடும். ஆனால் முன் டயர் கூர்மையான வடிவம், பின் டயர் தட்டையான வடிவம் என்று அமைந்துவிட்டால் முன்பக்கம் சட்டென்று சாயும், பின்பக்கம் தயங்கும். ஜோடியாக மாற்ற முடியாவிட்டால் குறைந்தபட்சம் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைவிடக் கெட்டியான, பழைய ரப்பராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பின் டயர் நழுவினால் சமாளிக்க வாய்ப்புண்டு, முன் டயர் நழுவினால் அநேகமாக இல்லை.